லெவல் எடிட்டருக்குக் கையேடு எழுத மான்ட்ரியல் வரும் தம்பிக்கு

வணக்கம் தம்பி. மான்ட்ரியலில் ஒரு கேம் ஸ்டூடியோவில் தொழில்நுட்ப எழுத்தாளராகச் சேரப் போவதாகவும், அவர்கள் தங்களுக்கென்றே உருவாக்கிய லெவல் எடிட்டருக்கு (லெவல் எனப்படும் ஆட்டக்களங்களைக் கட்டும் மென்பொருளுக்கு) உசாத்துணைக் கையேடு எழுதுவதுதான் முதல் வேலை என்றும் எழுதியிருந்தீர்கள். குளிரைத் தாங்குவது எப்படி, வீடு எங்கே பார்ப்பது, பிரெஞ்சு தெரியாமல் காலம் தள்ள முடியுமா, கையேட்டை எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். குளிருக்கான கோட்டை ஊரில் வாங்காதீர்கள், இங்கே வந்து வாங்குங்கள். இங்கே பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூலை 1ஆம் தேதியையொட்டித்தான் மாறும். வேறு மாதத்தில் வந்தால் முதலில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு தேடுங்கள். இவற்றையெல்லாம் வந்த பிறகு பத்துப் பேர் சொல்லித் தருவார்கள். கையேட்டைப் பற்றிச் சொல்லித் தர ஆள் கிடைக்காது என்பதால் அதையே எழுதுகிறேன்.

நான் வந்து சேர்ந்தபோது, எனக்கு முன்பிருந்தவர் விட்டுச் சென்ற கோப்பு ஒன்றைக் கையில் கொடுத்து, இதை முடித்துவிடுங்கள் என்றார்கள். அதில் பக்கத்துக்குப் பக்கம் கணினித் திரையின் படப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்) ஒட்டப்பட்டிருந்தன. அவற்றின் கீழே, ‘வேகம்: கதவின் வேகத்தை அமைக்கும்’, ‘காத்திருப்பு: காத்திருக்கும் நேரத்தை அமைக்கும்’ என்ற பாணியில் வரிகள் இருந்தன. பெயரையே திருப்பிச் சொல்லும் இத்தகைய வரிகளால் எந்த லெவல் டிசைனருக்கும் எதுவும் தெரியவராது. நம் ஊர் நிறுவனங்கள் சிலவற்றில் பக்க எண்ணிக்கையை வைத்து எழுத்தாளரை மதிப்பிடும் வழக்கம் இருப்பதால், அங்கிருந்து வருகிறவர்களும் இதையே எழுதிக் குவிக்கிறார்கள். இந்தப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எது எழுதப்பட வேண்டும் என்பதற்குப் பழைய குவேக் விளையாட்டின் கதவை எடுத்துக்கொள்ளலாம். 1996இல் வந்த அந்த விளையாட்டில் கதவு என்ற என்டிட்டிக்கு (லெவலில் வைக்கப்படும் இயங்கு பொருளுக்கு) வேகம் குறிப்பிடாவிட்டால் 100 என்று எடுத்துக்கொள்ளப்படும். அது நொடிக்கு 100 அலகு; விளையாட்டுக்குள் தூரத்தை அளக்கும் அளவைத்தான் அலகு என்கிறோம். திறந்த பிறகு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்கு இயல்பு மதிப்பு 3 நொடி. அந்த இடத்தில் -1 என்று கொடுத்தால் கதவு திரும்ப மூடவே மூடாது. திசையைக் கோணமாகக் கொடுக்க வேண்டும், ஆனால் -1 என்றால் மேலே, -2 என்றால் கீழே. திறந்து முடிந்த பின்னும் 8 அலகு வெளியே துருத்தி நிற்கும், அதையும் மாற்றலாம். இவையெல்லாம் அட்டவணையில் அடங்கும் செய்திகள். அட்டவணையில் அடங்காதவைதாம் முக்கியம். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கதவுகள், அதைத் தடுக்கும் குறியை இடாதவரை, தாமாகவே இணைந்து சேர்ந்தே திறக்கும். கதவுக்கு இலக்குப் பெயர் (பிற பொருள்கள் அதை இயக்கப் பயன்படுத்தும் பெயர்) ஒன்றைச் சூட்டிவிட்டால், ஆட்டக்காரர் அருகில் போனாலும் அது திறக்காது. பொத்தானோ வேறு தூண்டியோ இயக்கினால்தான் திறக்கும். வேறொரு காரியத்துக்காகப் பெயர் சூட்டிய டிசைனர், கதவு ஏன் திறக்கவில்லை என்று நள்ளிரவு வரை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உங்கள் கையேடு அவருக்காக எழுதப்படுவது.

ஆகவே ஒவ்வொரு புலத்துக்கும், அதாவது எடிட்டரில் மதிப்பை நிரப்பும் ஒவ்வோர் இடத்துக்கும், அலகு என்ன, இயல்பு மதிப்பு என்ன, எதிலிருந்து எதுவரை ஏற்கும், எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும், வெறுமையாக விட்டால் என்ன ஆகும், எந்த வேறு புலத்தோடு மோதும் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். அலகில் மிகுந்த கவனம் வேண்டும். விளையாட்டுகளை இயக்கும் அடிப்படை மென்பொருளை எஞ்சின் என்பார்கள்; அன்ரியல் எஞ்சினில் ஓர் அலகு ஒரு சென்டிமீட்டர். வால்வ் நிறுவனத்தின் ஹாமர் எடிட்டரில் கட்டடங்களுக்கு 16 அலகு ஓர் அடி என்று கணக்கு. யூனிட்டி எஞ்சினில் மேல்நோக்கிய அச்சு ஒய், குவேக்கிலும் அன்ரியலிலும் அது இசட். ஓரிடத்தில் பழகி இன்னோரிடம் போகும் டிசைனர் இந்த அச்சிலும் அலகிலும்தான் முதலில் தடுமாறுவார் என்பதால், உங்கள் எடிட்டர் எதைப் பின்பற்றுகிறது என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பிழைச் செய்திகளுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்குங்கள். குவேக் வகை லெவல்களில் வெளிச்சுவரில் மயிரிழை இடைவெளி இருந்தாலும், உள்ளிருக்கும் இடம் லெவலுக்கு வெளியேயுள்ள வெற்றிடத்தோடு கலந்துவிட்டதென்று கம்பைலர் (லெவலை விளையாட்டு ஏற்கும் கோப்பாக மாற்றும் நிரல்) எடுத்துக்கொள்ளும். எங்கிருந்து எது தெரியும் என்ற கணக்கீடு நின்றுபோகும். உள்ளேயுள்ள ஒரு பொருளிலிருந்து ஓட்டை வழியாக வெளியே செல்லும் பாதையைக் கம்பைலர் ஒரு கோப்பில் எழுதித் தரும். அதை எடிட்டரில் ஏற்றினால் கோடாகத் தெரியும், அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்தால் ஓட்டையைப் பிடித்துவிடலாம். செய்தியின் வாசகம், அதன் காரணம், தீர்க்கும் வழி ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தால் உங்கள் கையேட்டில் அதிகம் திறக்கப்படும் பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

இவற்றையெல்லாம் எங்கிருந்து தெரிந்துகொள்வது? எடிட்டரைத் திறந்து, வெற்று அறை ஒன்றைக் கட்டி, ஒவ்வொரு புலத்தையும் நீங்களே மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு அதை எழுதிய புரோகிராமரிடம் போய்க் கேட்க வேண்டும். இந்த இடத்தில்தான் நம்மவர்களில் சிலர்மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. நான் வந்த புதிதில், இங்கே நெடுங்காலம் இருந்த பெரியவர்கள் சிலர், அதிகம் கேள்வி கேட்காதே, தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்கள் என்று அறிவுரை சொன்னார்கள். கேட்காமல் எழுதிய கையேடு யூகங்களின் தொகுப்பாகத்தான் இருக்கும். நான் அந்த அறிவுரையைக் கேட்கவில்லை. கேள்விகளைத் தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு தினமும் போய் நின்றேன். இங்கே அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

பிரெஞ்சைப் பற்றியும் இதே பெரியவர்கள் தேவையில்லை என்பார்கள். மான்ட்ரியல் அமைந்துள்ள கியூபெக் மாகாணத்தின் 1977ஆம் ஆண்டு மொழிச் சாசனம், நிறுவனம் தன் பணியாளர்களுக்கு எழுதுவதெல்லாம் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்கிறது. 2022இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. உங்கள் கையேடும் பிரெஞ்சுக்குப் போகும் என்ற எண்ணத்தோடேயே எழுதுங்கள். ஒரு பொருளைப் பக்கத்துக்கு ஒரு பெயரால் அழைத்தால் மொழிபெயர்ப்பவர் அது வேறு பொருளோ என்று மயங்குவார். அரசு நடத்தும் இலவச மாலை வகுப்புகளில் நான் பிரெஞ்சு படித்தேன். வேலை முடிந்து பனியில் நடந்து போய்ப் படித்ததற்குப் பலன், என் பக்கங்களின் பிரெஞ்சு வடிவத்தை நானே சரிபார்க்கும் நிலைக்கு வந்ததுதான். அதில் எனக்குப் பெருமை உண்டு.

விசைப்பலகையையும் மறந்துவிடாதீர்கள். ஹாமரில் கிரிட்டை (வரைபரப்பிலுள்ள கட்டங்களை) சிறிதாக்கவும் பெரிதாக்கவும் சதுர அடைப்புக்குறி விசைகளைத் தட்டுவார்கள். கனடிய பிரெஞ்சு விசைப்பலகையில் அவற்றுக்கு வலப்பக்க ஆல்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். பிரான்சிலிருந்து வந்தவர்கள் பழகிய பலகையில் ஏயும் கியூவும், டபிள்யூவும் இசட்டும் இடம் மாறியிருக்கும். இந்த எழுத்து விசைகளால் கேமராவை நகர்த்தச் சொல்லும் குறிப்பு அவர்களுக்குப் பொருந்தாது. குறுக்கு விசைகளைக் கையால் தட்டச்சு செய்யாமல் எடிட்டரின் அமைப்பிலிருந்தே கையேட்டுக்குள் இழுத்துவரும் ஏற்பாட்டைக் கேட்டுப் பெறுங்கள். புல விளக்கங்களுக்கும் அதுவே வழி. ஹாமரில் என்டிட்டிகளை வரையறுக்கும் கோப்பிலேயே விளக்கத்தையும் எழுதலாம். அது எடிட்டருக்குள் உதவிக் குறிப்பாகத் தெரியும். அதே வரி கையேட்டுக்கும் போனால் இரண்டும் முரண்படாது.

இன்னோர் எச்சரிக்கை. உங்கள் வேலை அனுமதி அநேகமாக அந்த ஒரே நிறுவனத்தோடு கட்டப்பட்டிருக்கும். 2023, 2024 ஆண்டுகளில் இந்தத் துறையில் ஆட்குறைப்பு எப்படி நடந்தது என்பதை நீங்களும் படித்திருப்பீர்கள். நிறுவனம் தனக்கென்றே வைத்திருக்கும் எடிட்டரின் கையேடு ரகசியம்; அடுத்த நேர்முகத்தில் அதை எடுத்துக் காட்ட முடியாது. ஆகவே டிரெஞ்ச்புரூம் போன்ற திறந்த மூல எடிட்டர் ஒன்றின் கையேட்டுக்கு உங்கள் பங்களிப்பு ஏதாவது வெளியே இருக்கட்டும். டூம் விளையாட்டின் கோப்பமைப்பை, லெவலில் வைக்கப்படும் ஒவ்வொரு பொருளும் பிடிக்கும் 10 பைட் வரை, 1994இலேயே ரசிகர் ஒருவர் தாமாக ஆவணப்படுத்தினார். எடிட்டர் எழுதியவர்கள் அதை வைத்து வேலை செய்தார்கள். இந்தத் தொழிலின் உயர்ந்த மரபு அதுதான்.

நான் தினமும் போய் நின்றேன் என்று சொன்னேனே, அந்தப் புரோகிராமர் பிரிட்டனி பகுதியிலிருந்து, அதாவது பிரான்சின் மேற்குக் கரையிலிருந்து வந்தவர். முதல் வாரங்களில் தலையை நிமிர்த்தாமலே பதில் சொல்வார். என் கேள்வி ஒன்றுக்கு விடை தேடப் போய், இரண்டு புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதை அவரே கண்டார். அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லி, மூல நிரலைத் திறந்து வரிவரியாகக் காட்டினார். நானும் வீடு விட்டு வந்தவன்தான், இங்கே என் உச்சரிப்பைக் கேட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள் என்று அவர் சொன்னது அப்போதுதான். அதன் பிறகு புதிய புலம் எதைச் சேர்த்தாலும் அலகையும் எல்லையையும் அவரே குறித்து எனக்கு அனுப்பிவிடுவார்.

நீங்கள் சேரும் இடத்தின் எடிட்டர் எந்த எஞ்சின்மேல் அமைந்தது என்பதை, ரகசியம் இல்லையென்றால், எழுதுங்கள். எந்தப் புலங்களிலிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.