பேதுருவின் கதை மறுதலிப்போடு முடியவில்லை

யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில்), சீடர் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலிக்கும் பகுதியை வாசித்தால் குற்ற உணர்வுதான் மிஞ்சுகிறது என்கிறீர்களே, பாதிக் கதையில் நின்றுவிடுவதால்தான் அப்படி. புனித வெள்ளியில் பல சபைகளில் வாசிக்கும் யோவான் 18, 19 அதிகாரங்கள் இயேசு அடக்கம் செய்யப்படுவதோடு முடிந்துவிடும். பேதுரு மன்னிக்கப்படுவது ஈஸ்டருக்குப் பிறகுதான் வரும்.

இன்று 18:18-ஐயும் 21:9-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டிலும் "கரிநெருப்பு". முதல் நெருப்பில் குளிர்காய்ந்த அந்த இரவில் மூன்று முறை மறுதலித்தவரிடம், மீனும் அப்பமும் வைத்திருந்த இரண்டாவது நெருப்பருகே இயேசு மூன்று முறை "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கிறார், திட்டவே இல்லை! எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும் இடம் அது.

ஒன்று, இந்த இணைப்பை யோவான் வெளிப்படையாகச் சொல்லவில்லை, வாசிக்கிற நாம்தான் கண்டுகொள்கிறோம். அப்புறம், பேதுருவின் கண்ணீரை யோவானில் தேடாதீர்கள், அது லூக்கா 22:62.