ஒரே சுரத்தில் ஒரு சோலோ

அன்புள்ள சார்,

ராக் பாடகர் நீல் யங்கின் 'சினமன் கேர்ள்' பாட்டை வைத்து எங்கள் நண்பர்களுக்குள் பெரிய வாக்குவாதம். அதில் வரும் கிட்டார் சோலோ, அதாவது பாடல் வரிகள் நின்று கிட்டார் முன்னால் வரும் இடம், ஒரே ஒரு சுரம்தான், அதையே திரும்பத் திரும்ப அடிக்கிறார். விரல் ஓடாதவர் வேறென்ன செய்வார் என்கிறான் ஒருவன். அந்தக் காலத்து வேக வாசிப்புக்கு எதிராக வேண்டுமென்றே செய்தது, அதனால்தான் அது பெரிய கலை என்கிறான் இன்னொருவன். நான் கிட்டார் வாசிப்பவன். வீட்டில் வாசித்துப் பார்த்தேன். சுரம் சரி, தாளமும் சரி, ஆனால் உயிரே இல்லை. ஏன் இப்படி? கல்லூரி விழாவில் எங்கள் பேண்ட் இந்தப் பாட்டை வாசிக்கப்போகிறது. அந்த இடத்தில் வேறு சோலோ போட்டுவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் நண்பர்கள் இரண்டு பேர் சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாமவர் அந்த சோலோவைப் புகழ்கிறார், ஆனாலும் முதலாமவரைப் போலவே அவரும் அதைக் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சுரங்களை எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

விரல் ஓடாது என்பதற்கு அந்த ஆல்பமே பதில் சொல்லும். 1969 மே மாதம் வந்த அதே தட்டில் 'டவுன் பை த ரிவர்' ஒன்பது நிமிடத்துக்கு மேல் போகிறது, 'கவ்கேர்ள் இன் த சாண்ட்' பத்து நிமிடத்தைத் தொடுகிறது. இரண்டிலும் பெரும்பகுதி கிட்டார்தான். இந்த மூன்று பாட்டையும் யங் கலிபோர்னியாவின் டோபாங்கா வீட்டில் 103 டிகிரி காய்ச்சலோடு படுத்திருந்தபோது ஒரே நாளில் எழுதினார் என்பது ரசிகர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. அவர் வேகக்காரர் அல்ல, அது உண்மை. ஆனால் சுரத்துக்குப் பஞ்சமானவரும் அல்ல.

எதிர்ப்பு என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1968இல் க்ரீம் என்ற ராக் குழு வெளியிட்ட இரட்டை ஆல்பத்தில் 'ஸ்பூன்ஃபுல்' மேடைப் பதிவு மட்டும் பதினாறு நிமிடத்துக்கு மேல். கிட்டார் கலைஞர் ஹெண்ட்ரிக்ஸ் உச்சத்தில் இருந்தார், லெட் செப்பலின் குழுவின் முதல் ஆல்பம் 1969 ஜனவரியில் வந்துவிட்டது. அந்தச் சூழலில் ஒரே சுரத்தில் சோலோ வாசித்தால் சவால் விடுவதைப் போலத்தான் தெரியும். ஆனால் எதிர்ப்பு சோலோ எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் பஸ்காக்ஸ் குழுவின் 'போர்டம்' கேளுங்கள். 1977 ஜனவரியில் வந்த பங்க் பாட்டு. அதில் பீட் ஷெல்லி இரண்டே சுரத்தை 66 தடவை திரும்ப வாசிக்கிறார். பாட்டே சலிப்பைப் பற்றியது. சோலோ வாசிப்பது என்ற வழக்கத்தையே அது நையாண்டி செய்கிறது. 'சினமன் கேர்ள்' முழுக்க சந்தோஷமான பாட்டு. ஒரு பெண்ணைப் பற்றிய கனவு, நடுநடுவே கைத்தட்டல், அப்பாவிடம் பணம் அனுப்பச் சொல்லிக் கேட்கும் வரிகள், அவை முடிந்ததும் இந்த சோலோ. யாரையும் கிண்டல் செய்கிற மனநிலை அங்கே எங்கும் இல்லை.

சரி, அந்த இடத்தில் என்னதான் நடக்கிறது? இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், உங்கள் "உயிரே இல்லை" என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

முதலில் ட்யூனிங். இந்தப் பாட்டுக்கு அவர் முதல் கம்பியையும் ஆறாவது கம்பியையும் ஈ (E) சுரத்திலிருந்து டி (D) சுரத்துக்கு இறக்கியிருக்கிறார். நான்காவது கம்பி ஏற்கெனவே டி. ஆக, ஆறில் மூன்று கம்பிகள் டி. இப்போது இரண்டாவது கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள மூன்றாவது கட்டத்தில்) அழுத்தினால் அதுவும் டி, பக்கத்தில் திறந்து கிடக்கும் முதல் கம்பியும் அதே டி. இரண்டையும் சேர்த்துத்தான் அடிக்க வேண்டும். ஒன்றில் விரல் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. விரல் அழுத்தம் கொஞ்சம் கூடினாலோ கம்பியை லேசாக இழுத்தாலோ இரண்டும் ஒரு மயிரிழை விலகும். ஒன்று 294 ஹெர்ட்ஸ், இன்னொன்று 296 என்றால் ஒலி வினாடிக்கு இரண்டு முறை வீங்கி அடங்கும். அதிகமாக இழுத்தால் அந்த அலை இன்னும் வேகமாகத் துடிக்கும். இது ஒவ்வொரு அடியிலும் மாறிக்கொண்டே இருக்கிறது. இதையெல்லாம் ஒரே சுரம் என்கிறார்களே, என் மனதில் அவை ஒவ்வொன்றும் வேறு என்கிற பொருளில் யங்கே பேசியிருக்கிறார். பெருமைக்குச் சொன்னது என்று சிலர் நினைக்கிறார்கள். கம்பியில் நடப்பதைத்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் சாதாரண ட்யூனிங்கில், ஒரே கம்பியில் வாசித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படி வாசித்தால் இந்த விளையாட்டுக்கே இடம் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் அடியில் ஓடும் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள். பாட்டு வரிகளுக்கு வரும் அதே சுற்றுதான் சோலோவுக்கும்: டி, ஏ மைனர் செவன், சி, ஜி. மேலே சுரம் அசையாமல் நிற்கிறது, கீழே தரை நகர்கிறது. நமக்குப் பழகிய முறையில் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கார்டின் மூல சுரத்தையும் ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், அந்த ஒரே டி முதலில் ஸ. கார்டு ஏவுக்கு மாறியதும் அது மத்யமம் ஆகிவிடுகிறது. சிக்கு வந்ததும் ரிஷபம், ஜிக்கு வந்ததும் பஞ்சமம். ஸ, ம, ரி, ப. டியிலும் ஜியிலும் அந்த சுரம் கார்டுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் ஓய்வாக ஒலிக்கிறது. நடுவில் இருக்கும் இரண்டிலும் அது வெளி ஆள், உரசுகிறது. நம் கச்சேரியில் தம்புரா நிற்கும், பாட்டு நகரும். இங்கே பாட்டு நிற்கிறது, ஆதாரம் நகர்கிறது. ஆதார ஷட்ஜத்தை இடம் மாற்றும் கிரக பேதம் கேட்டு ரசிக்கிற காதுக்கு இது புரியாமல் போகாது. இது யங் கண்டுபிடித்த உத்தி என்றும் சொல்ல மாட்டேன். பிரேசிலில் ஜோபிமும் மெண்டோன்சாவும் சேர்ந்து அமைத்த 'ஒரு சுர சாம்பா'வை ஜுவான் ஜில்பெர்த்தோ 1960இலேயே பாடிவிட்டார். அதுவும் இதே தத்துவம்தான், ஆனால் அதன் மென்மை வேறு. இங்கே ஒலி கரகரக்கும் அளவுக்கு ஓவர்டிரைவில் கொதிக்கும் ஆம்ப் (ஒலிபெருக்கி).

இப்படிப் பார்த்தால் அந்த சோலோவில் நகர்கிற வேலையெல்லாம் செய்வது யார்? யங்கோடு வாசிக்கும் குழுவான கிரேஸி ஹார்ஸ். பில்லி டால்பட்டின் பாஸ், ரால்ஃப் மொலினாவின் டிரம்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாக கார்டுகளை வாசிக்கும் டேனி விட்டனின் ரிதம் கிட்டார். அதனால் அந்த சோலோவில் பாதி விட்டனுடையது என்பேன். அது யங்கைக் குறைத்துச் சொல்வது ஆகாது. பக்கத்தில் இருப்பவனின் கைமேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தால்தான் ஒருவன் ஒரே சுரத்தில் அத்தனை உறுதியாக நிற்க முடியும். பாட்டில் யங்கின் குரலுக்கு மேலே உயர்ந்த குரலில் இணைந்து பாடுவதும் விட்டன்தான். 1972 நவம்பரில் போதைப் பொருளுக்குப் பலியானார், வயது 29. இந்தப் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் தாண்டிப் போவது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஓல்ட் பிளாக்' என்று அவர் அழைக்கும் 1953ஆம் வருட லெஸ் பால் கிட்டார், சிறிய ஃபெண்டர் டீலக்ஸ் ஆம்ப் என்று உங்கள் நண்பர்கள் பட்டியல் போடுவார்கள். அந்தக் கிட்டாரில் புகழ் பெற்ற ஃபயர்பேர்ட் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்), இந்தப் பதிவுக்குப் பிறகு எழுபதுகளில் பொருத்தியது. அதைத் தேடிச் செலவு செய்ய வேண்டாம்.

இனி உங்கள் விழா. சோலோவை மாற்றாதீர்கள். அந்த இடத்தில் ஒரு வேகமான பென்டடானிக் (ஐந்து சுர) ஓட்டத்தைப் போட்டால் எல்லாரும் கை தட்டுவார்கள், ஆனால் கார்டுகள் மாறுவது யார் காதிலும் விழாது. நான் சொல்வது இதுதான்: ட்யூனிங்கை மாற்றுங்கள். உங்கள் பேண்டில் தாளம் மிக உறுதியாக உள்ளவரிடம் ரிதம் கிட்டாரைக் கொடுங்கள், அந்த இடத்தில் அவருடைய ஒலியைக் குறைக்க வேண்டாம். வழக்கமாக சோலோ வரும்போது மற்றவர்களை அடக்குவார்கள், இங்கே அது தவறு. ஒத்திகையில் முதலில் நீங்கள் வாசிக்காமல் அவர்கள் மூன்று பேரும் வாசிக்கும் சுற்றை மட்டும் கேளுங்கள். ஏ மைனர் செவன் வரும்போது உங்கள் டி எங்கே போய் உரசும் என்று மனதில் பிடிபட்ட பிறகு கிட்டாரை எடுங்கள். எல்லா அடியும் ஒரே பலத்தில் விழக்கூடாது. உரசும் கார்டுகளில் கம்பியைக் கொஞ்சம் இழுங்கள், ஜியில் விட்டுவிடுங்கள். இது அவர் அப்படியே செய்தது என்பதல்ல, நீங்கள் தொடங்க ஒரு வழி.

1979இல் வந்த 'லைவ் ரஸ்ட்' ஆல்பத்திலும் இந்தப் பாட்டு இருக்கிறது. விட்டனின் இடத்தில் ஃபிராங்க் சம்பெட்ரோ வாசிக்கிறார். ஆல்பம் பதிவையும் இதையும் அடுத்தடுத்து, சோலோவை விட்டுவிட்டு இரண்டாவது கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அப்புறம் விழா எப்படிப் போனது என்று எழுதுங்கள். முக்கியமாக, உங்கள் ரிதம் கிட்டார்காரர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்