வேலைக்குப் போய்க்கொண்டே பயனுள்ள வலைப்பதிவு ஒன்றைத் தொடர்ந்து எழுத முடியுமா?

அலுவலக வேலையில் இருக்கும் ஒருவர் வலைப்பதிவையும் ஒழுங்காக நடத்தினால் இரண்டில் ஒன்று கெட்டுவிடாதா என்றும், எழுதத் தொடங்குமுன் வாழ்க்கையின் நோக்கம் இன்னதென்று தெளிவாகியிருக்க வேண்டாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: வேண்டியதில்லை. நான் ஈரோட்டில் வரி ஆலோசகர் ஒருவரின் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். சிறு வணிகர்களுக்குப் புரியும்படி ஜிஎஸ்டி பற்றித் தமிழில் வலைப்பதிவு எழுதிவருகிறேன். ஒரே விளக்கத்தை ஆளுக்கொரு முறை சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகுதான் அதை எழுதி வைத்துவிடலாமே என்று தோன்றியது. அதற்கு மேற்பட்ட நோக்கம் எதுவும் அப்போது இருந்ததாக நினைவில்லை.

எங்கள் அலுவலகத்தில் மாதம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து கொள்முதல் பில்களை எடுத்து மேசைமேல் அடுக்கிவிட்டு, "வரியெல்லாம் சேர்த்துத்தானுங்க பணம் கொடுத்தேன், பில்லும் கையில இருக்குது, அப்புறம் எனக்கு ஏன் இன்புட் இல்லைங்கறீங்க?" என்பார். நியாயமான கோபம். கொள்முதலில் கொடுத்த வரியை, விற்பனைக்குக் கட்டவேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்வதைத்தான் இன்புட் என்கிறோம். பில் அவர் கையில் இருப்பது மட்டும் போதாது. விற்றவர் அந்த பில்லைத் தம்முடைய விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1இல் காட்டியிருக்க வேண்டும், அது வாங்கியவருக்கு வரித்தளம் தானாக உருவாக்கித் தரும் 2பி அறிக்கையில் வந்திருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் சட்டத்திலேயே உள்ள நிபந்தனை. ஜூன் மாதத்தில் 1,00,000 ரூபாய்க்குத் துணி வாங்கி, 5 விழுக்காடு வரியாக 5,000 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் தாக்கல் செய்பவராக இருந்தால், விற்றவர் ஜூலை 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். உங்களுக்கான 2பி அறிக்கை 14ஆம் தேதி உருவாகும். 20ஆம் தேதிக்குள் நீங்கள் 3பி என்னும் மாத வரிக்கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்து வரி கட்ட வேண்டும். அவர் நாலு நாள் தாமதித்து 15ஆம் தேதி தாக்கல் செய்தால் அந்த 5,000 ரூபாய் ஆகஸ்ட் 14ஆம் தேதி உருவாகும் அறிக்கையில்தான் வரும். பணம் போய்விடவில்லை, ஆனால் இந்த மாதம் அதைக் கைக்காசிலிருந்து கட்டியாக வேண்டும். சிறு கடைக்காரருக்கு அந்த ஒரு மாதம் பெரிய விஷயம்.

இதை வாயால் சொல்லும்போது கேட்பவர் தலையாட்டுவார். அடுத்த மாதம் அதே பையோடு வந்து அதே கேள்வியைக் கேட்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் நான்கு தேதிகளும் மூன்று படிவங்களும் காதால் கேட்டு மனத்தில் நிற்கிற சங்கதிகள் அல்ல. எழுதி, அந்த இணைப்பை அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிய பிறகு கேள்வி மாறியது. "என் சரக்குக்காரர் தாக்கல் பண்ணிட்டாரான்னு நானே எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்டார். அது இன்னொரு பதிவாயிற்று. தலைப்புக்காக நான் உட்கார்ந்து யோசிப்பதே கிடையாது. அலுவலக மேசைக்கு வரும் கேள்விகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் ஓர் ஆண்டுக்கான தலைப்புகள் தாமாகவே சேர்ந்துவிடும். நீங்கள் செவிலியராகவோ, டீசல் மெக்கானிக்காகவோ, கூட்டுறவுச் சங்க எழுத்தராகவோ இருந்தாலும் இதுதான் நிலைமை.

வேலை கெட்டுவிடாதா என்ற கவலைக்கு வருகிறேன். எழுதத் தொடங்கியபின் என் வேலை திருந்தியது என்பதே உண்மை. வாய்ப்பேச்சில் "ஏறக்குறைய", "பெரும்பாலும்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எழுத்தில் அந்த வசதி இல்லை. குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட சரக்கு வண்டியில் போகும்போது எடுக்கவேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான், தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு 1 லட்சம் ரூபாய் என்ற வரம்பையும் மாநில எல்லையைத் தாண்டும் சரக்குக்கு 50,000 ரூபாய் என்ற வரம்பையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் கேட்பவர் குழம்பிப்போவார் என்பது எனக்கே உறைத்தது. செல்லுபடியாகும் காலமும் அப்படித்தான். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது விதி. ஆனால் அந்த முதல் நாள், பில் போட்ட நாளுக்கு மறுநாள் நள்ளிரவில்தான் முடிகிறது. காலையில் போட்ட பில் மாலையில் காலாவதியாகிவிடுமோ என்று பதறும் லாரி ஓட்டுநருக்கு இந்த ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதுவதற்கு விதியை மூலத்தில் படிக்க வேண்டியிருந்தது, படித்தது மறுநாள் அலுவலகத்தில் உதவியது.

ஆனால் எல்லை வகுத்துக்கொள்ளாமல் இரண்டையும் கலந்தால் வேலை நிச்சயம் கெடும். மாதத்தின் முதல் இருபது நாட்கள் நான் எழுதுவதில்லை. 11, 20 ஆகிய தேதிகளை ஒட்டி வரித்தளம் மெதுவாகும், தொலைபேசி ஓயாது, அந்த நாட்களில் எழுத முயல்பவர் இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்வார். 20ஆம் தேதிக்குப் பின் இரவுச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் படுத்த பிறகு கிடைக்கும் நேரம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. தினமும் எழுதியே தீரவேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வேலைக்கு என்று ஒரு தாளம் இருக்கும்போது அதற்கு எதிராக எழுத முயன்றால் முதலில் சாய்வது எழுத்துதான்.

இன்னொரு எல்லை இதைவிட முக்கியமானது. வாடிக்கையாளரின் பெயர், தொகை, ஆவணத்தின் படம் எதுவும் பதிவில் வரக்கூடாது. கடைப்பெயரை மறைத்துவிட்டோம், வரி எண் மட்டும்தானே தெரிகிறது என்று சிலர் படம் போடுகிறார்கள். 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அதையடுத்த பத்தும் அந்த வணிகரின் பான் எண்ணே. எண்ணைக் காட்டுவது அவரையே காட்டுவதற்குச் சமம். எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் மேலே சொன்னதுபோல முழு எண்களை நாமே வைத்துக்கொள்ளலாம், கணக்கும் எளிதாகப் புரியும். முதலாளியிடம் சொல்லிவிட்டு எழுதுவது நல்லது. சரக்கே வாங்காமல் பில் மட்டும் வாங்கி இன்புட் எடுக்க வழி கேட்டு எழுதுபவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை, அலுவலகத்தில் கேட்டாலும் அதே மௌனம்தான்.

எழுதியதோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை என்பதை ஜிஎஸ்டி போன்ற துறை நன்றாகவே கற்றுக்கொடுக்கும். ஆயத்த ஆடைக்கு ஒரு துணி 1,000 ரூபாய் வரை 5 விழுக்காடு, அதற்கு மேல் 12 விழுக்காடு என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 விழுக்காடு என்று ஆயிற்று. பழைய பதிவு அப்படியே கிடந்தால் அதைப் படித்து பில் போடுகிறவர் சிக்கலில் மாட்டுவார். ஆகவே ஒவ்வொரு பதிவின் தலையிலும் இது எந்தத் தேதி வரையிலான நிலவரம் என்று எழுதிவிடுகிறேன். விதி மாறினால் புதுப் பதிவு எழுதுவதற்கு முன் பழையதைத் திருத்துகிறேன். புதுப் பதிவு எழுதும் மகிழ்ச்சி இதில் இல்லை, யாரும் பாராட்டவும் மாட்டார்கள். என்றாலும் வலைப்பதிவில் நேர்மை என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் இந்த வேலையில்தான் இருக்கிறது.

வருமானத்தைப் பற்றியும் கேட்பீர்கள். தமிழ்த் தளங்களுக்கு 2018 முதல் கூகுள் விளம்பரங்கள் கிடைக்கின்றன, போட்டுக்கொள்ளலாம், தவறில்லை. அதை நம்பி வேலையை விட வேண்டாம், அவ்வளவுதான்.

நம் அன்றாட வேலையில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று தயங்குபவர்களுக்கு நான் ஆனந்தரங்கப் பிள்ளையைச் சொல்வது வழக்கம். புதுச்சேரியில் வணிகராகவும், பின்னர் பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேயிடம் துபாஷாகவும், அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த அவர், 1736 முதல் 1761இல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும், ஆளுநர் மாளிகையில் அன்று யார் என்ன பேசினார்கள் என்பவையே அதில் நிறைய இருக்கின்றன. இன்று அந்தக் காலத்துப் புதுச்சேரியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரைத் தாண்டிப் போகமுடிவதில்லை. தொழில் பார்த்துக்கொண்டே, தொழிலில் கண்டதை, கண்ட அன்றே எழுதியதுதான் அவர் செய்தது. நாம் அவரல்ல, ஆனால் அவரிடமும் எழுதுவதற்கென்று தனியாக ஒரு வாழ்க்கை இருக்கவில்லை.

நோக்கம் என்ற சொல்லை நான் இந்த அளவில்தான் புரிந்துகொள்கிறேன்: இன்றைய வேலையால் பயன்பெறுகிறவர் யார், அவர் முகம் நமக்குத் தெரிகிறதா. மஞ்சள் பைக்காரரின் முகம் தெரிந்தபிறகு என் பதிவுகளின் நீளம் குறைந்தது, சட்டப்பிரிவு எண்கள் கடைசிக்குப் போயின, தேதிகள் முதலில் வந்தன. தாக்கல் நாட்களின் நெருக்கடியில் சலிப்பு வருவது நிற்கவில்லை. எதற்காக இதையெல்லாம் செய்கிறோம் என்ற கேள்வி மட்டும் முன்போல் அடிக்கடி வருவதில்லை.

தொடங்குவதானால் இந்த வாரம் உங்களிடம் இரண்டு பேராவது கேட்ட கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒருவருக்குக் கடிதம் எழுதுவதுபோல் எழுதிப் பாருங்கள். எழுதியவற்றின் படி ஒன்று எப்போதும் உங்கள் கணினியில் இருக்கட்டும். ஒரு காலத்தில் இலட்சக்கணக்கான பக்கங்களைத் தாங்கியிருந்த யாகூவின் இலவச இணையப்பக்கச் சேவையான ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் எழுதுவதானால் அமைப்புகள் பகுதியிலேயே மொத்தப் பதிவுகளையும் இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. நான் காலாண்டுத் தாக்கல் முடிந்த கையோடு அதையும் செய்துவிடுகிறேன்.