கெர் எஃபெக்ட், மெல்லிய காந்தப் படலம்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, கெர் எஃபெக்ட்னா சுருக்கமா என்ன?

பதில்: போலரைஸ் ஆன (ஒரே திசையில அதிர்ற) ஒளிய காந்த உலோகத்து மேல அடிச்சா, எதிரொளிச்சு வர்றப்ப அதோட போலரைசேஷன் கொஞ்சூண்டு சுத்தியிருக்கும், அவ்ளோதான். ஜான் கெர் 1877ல எழுதினது. ஸ்பின்-ஆர்பிட் கப்ளிங் (எலக்ட்ரானோட ஸ்பின்னும் அது சுத்துற பாதையும் பின்னிக்கிறது), எக்ஸ்சேஞ்ச் ஸ்ப்ளிட்டிங் (எதிரெதிர் ஸ்பின்களோட ஆற்றல் பிரியறது) ரெண்டும் சேந்தாதான் சிக்னல். இரும்புக்கே அரை டிகிரி கிட்டதான் வரும், நிக்கல் இன்னும் கம்மி.

கேள்வி: சார், கண்ணாடி மேல 50 நானோமீட்டர் பெர்மலாய் (நிக்கல்-இரும்பு அலாய்) ஸ்பட்டர் பண்ணேன் (அணுக்கள தெறிக்க வெச்சு படிய விட்டேன்). போலார்ல (காந்தப்புலம் படலத்துக்கு செங்குத்தா) லூப்பே (புலத்த ஏத்தி இறக்கினா வர்ற காந்த வளையம்) வரல, சாய்வா ஒரு கோடுதான். படலம் போச்சா?

பதில்: படலத்த குறை சொல்லாதீங்க, பெர்மலாய்ல காந்தம் தளத்தோடயே படுத்துக்கும், அத வெளிய நிமித்த 1 டெஸ்லா கிட்ட வேணும், சின்ன எலக்ட்ரோமேக்னட்டுக்கு அது ஆகாத வேல. லேசர 45 டிகிரி போல சாய்ச்சு விட்டு லாஞ்சிட்யூடினல்ல (புலம் படலத்தோட தளத்துலயே) பாருங்க. சிக்னல் பல மடங்கு சின்னதா இருக்கும், அதனால ஒளிய துடிக்க வைக்கற மாடுலேட்டரும் அந்தத் துடிப்ப மட்டும் பிரிச்செடுக்கற லாக்-இன்னும் இருந்தா நிம்மதி. இன்னொண்ணு, கோயர்சிவிட்டி (காந்தத்த திருப்ப வேண்டிய புலம்) சில எர்ஸ்டெட்தான் (புலத்தோட அலகு), ஃபீல்ட பெரிய ஸ்டெப்பா ஏத்தினீங்கன்னா லூப்ப தாண்டிப் போயிடுவீங்க.

கேள்வி: கோபால்ட்டே நல்லா சிக்னல் தருதே, மினிடிஸ்க்ல (பாட்ட பதிஞ்சு கெர் எஃபெக்ட்டால படிக்கற சின்ன டிஸ்க்) ஏன் டெர்பியம்-இரும்பு-கோபால்ட்?

பதில்: நல்ல கேள்வி. சோனி 1992ல கொண்டு வந்தப்ப கெர் கோணம் மட்டும் பாத்திருந்தா இந்த அலாய் பக்கமே போயிருக்க மாட்டாங்க. காந்தம் படலத்துக்கு செங்குத்தா நிக்குது, அமார்ஃபஸ்ங்கறதால (படிகமில்லாததால) கிரெய்ன் பவுண்டரி (படிகத் துணுக்குகளோட எல்லை) இரைச்சல் இல்ல, க்யூரி வெப்பநிலையும் (காந்தத் தன்மை போயிடற சூடு) 200 செல்சியஸ் பக்கம்தான், சின்ன லேசர் சூடாக்கி எழுதிடும். சுத்தமான கோபால்ட்டுக்கு அது 1100க்கும் மேல, எப்படி எழுதுவீங்க?

கேள்வி: கெர் கோணத்துலேருந்து எமு (காந்த மொமெண்ட்டோட அலகு) கணக்கு போடலாமா சார்?

பதில்: வேண்டாம். அலைநீளம், கேப்பிங் (மேல மூடுற படலம்), சப்ஸ்ட்ரேட் (படலத்துக்கு அடியில இருக்கற தட்டு) எல்லாம் கோணத்த மாத்தும். மேல சொன்ன அலாய்லயே பாருங்க, சிவப்பு ஒளியில சிக்னல் பெரும்பாலும் இரும்பு-கோபால்ட்டோடது, டெர்பியம் எதிர்ப்பக்கம் நின்னு மொத்த காந்தத்த பூஜ்யமாக்கினாலும் கெர் சிக்னல் அப்படியே நிக்கும். வடிவத்தையும் கோயர்சிவிட்டியையும் நம்புங்க, எமுக்கு விஎஸ்எம் (சாம்பிள அதிர வெச்சு காந்தத்த அளக்கற கருவி).

கேள்வி: அண்ணா, 200 நானோமீட்டர் படலத்தோட அடிப்பக்கம் தெரியுமா?

பதில்: தெரியாது, ஒளி மேல இருக்கற 10, 20 நானோமீட்டரத்தான் பாக்கும். கண்ணாடி சப்ஸ்ட்ரேட்னா பின்னாடிலேருந்து அடிச்சுப் பாருங்க, ஆனா கண்ணாடியோட ஃபாரடே சுழற்சியும் (காந்தப்புலத்துல ஒளி உள்ள போறப்ப போலரைசேஷன் சுத்தறது) சேந்து வந்து லூப்ப சாய்க்கும், அந்த சாய்வ கழிச்சுட்டு படிங்க.