7 வயது மகனுக்கு இந்தக் குளிர்காலமே ஹார்ட் பூட் ஸ்னோபோர்டு பழக்கலாமா?

கேள்வி கேட்ட சகோதரி கும்பகோணத்துக்காரர், இப்போது சூரிச்சில் இருக்கிறார். கணவர் ஹார்ட் பூட் போட்டு ஸ்னோபோர்டு (இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிப் பனிச்சரிவில் இறங்குவது) ஓட்டுபவர். 7 வயது மகனுக்கும் இந்த டிசம்பரிலேயே அதே மாதிரி பூட் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்கிறார். ஊரில் மாமனாரும் மாமியாரும் பயப்படுகிறார்கள். என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்.

பூட்டை இந்த வருஷம் வாங்காதீர்கள். பையனைப் பனிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், சாதாரண மென்மையான பூட்டும் குழந்தைகளுக்கான பலகையும் வாடகைக்கு எடுத்து ஆரம்பித்துவிடுங்கள். ஹார்ட் பூட்டுக்கு மட்டும் இன்னும் இரண்டு மூன்று வருஷம் பொறுக்கலாம். இதை நான் என் மகளிடம் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் மியூனிக்கில் இருக்கிறோம். இப்போது பள்ளி விடுமுறைக்குத் திருவையாறு பக்கம் அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறோம். ஆடி மாதம், குடமுருட்டியில் தண்ணீர் ஓடுகிறது, நாற்றங்கால் வேலை நடக்கிறது. சரிவு என்று சொன்னால் ஆற்றங்கரை மட்டுமே உள்ள ஊர் இது. இங்கே உட்கார்ந்து பனிமலையைப் பற்றி எழுதுவது எனக்கு வினோதமாகப் படவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

இதைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஸ்னோபோர்டு ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் துணி, தோல் மாதிரி வளையும் பூட்டுதான் போடுவார்கள். கெட்டி பிளாஸ்டிக் ஓடு போட்ட ஹார்ட் பூட் சிலருக்கு. ஸ்கீ (காலுக்கு ஒன்றாக இரண்டு நீளப் பலகைகளில் சறுக்குவது) ஓட்டுபவர்களின் பூட் போலவே இருக்கும், ஆனால் கணுக்கால் கொஞ்சம் கூடுதலாக வளையும். அதன் முனையையும் குதிகாலையும் கம்பி பிடித்துக்கொள்ளும் தட்டு மாதிரி பைண்டிங்கில் மாட்டுவார்கள். பலகை ஒடுக்கமாக இருக்கும், இரண்டு பாதமும் நன்றாக முன்னோக்கித் திரும்பியிருக்கும். பலகையை விளிம்பில் சாய்த்தால் அது பனியைச் சீவிக்கொண்டு வளைந்து போகும், பின்னால் பென்சிலால் கிழித்த மாதிரி ஒற்றைக் கோடு விழும். இதற்குத்தான் கார்விங் என்று பெயர். ஒலிம்பிக்கில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் கொடிகளைச் சுற்றி இறங்குவார்களே, அந்தப் பந்தயக்காரர்கள் எல்லாம் இந்த வகைப் பூட்தான்.

சரி, என் தப்புக்கு வருகிறேன். 2018இல் செக் நாட்டு எஸ்தர் லெடெட்ஸ்கா ஒரே ஒலிம்பிக்கில் ஸ்கீயிலும் ஸ்னோபோர்டிலும் தங்கம் வாங்கினார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது மகளுக்கு 6 வயது. "அம்மா ஓட்டுற மாதிரியே ஓட்டுறாங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு 8 வயதானதும் பழைய பொருள் விற்கும் கடையில் ஒரு ஹார்ட் பூட் கிடைத்தது. அவள் பாதத்தைவிட இரண்டு அளவு பெரியது. "வளர்ற பிள்ளைதானே, கெட்டிக் காலுறை போட்டால் சரியாகிவிடும்" என்று வாங்கிவிட்டேன். பள்ளிச் சீருடையை ஒரு விரல் நீளம் கூடுதலாகத் தைக்கச் சொல்கிற நம் ஊர்ப் பழக்கம். சீருடைக்குச் சரிதான். இந்தப் பூட்டுக்கு அது ஆகவே ஆகாது.

உள்ளே குதிகால் தூக்கிக்கொண்டே இருந்தது. பூட் ஆடியதால் பலகை அவள் பேச்சைக் கேட்கவில்லை. அவள் முன்னால் சாய்ந்து சாய்ந்து பார்த்தாள், பிளாஸ்டிக் விளிம்பு முழங்காலுக்குக் கீழே எலும்பில் இடித்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இரண்டு காலிலும் நீலமாகக் கன்றியிருந்தது. அவள் அதுவரை என்னிடம் சொல்லவில்லை. எனக்குப் பிடித்ததை அவள் வேண்டாம் என்று சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. அந்த வருஷம் அவள் மறுபடி பலகையைத் தொடவில்லை. அடுத்த குளிர்காலம் கொரோனாவால் எங்கள் பக்கத்தில் சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுகள் ஓடவில்லை.

பூட் அளவு பார்க்கும் முறை எளிது. உள்ளே இருக்கும் மெத்தையை உருவிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடச் சொல்லுங்கள். விரல்கள் முன்னால் லேசாகத் தொடும்போது, குதிகாலுக்குப் பின்னால் ஒன்று, ஒன்றரை விரல் போகிற இடம் இருக்க வேண்டும். இரண்டு விரலுக்கு மேல் தாராளமாகப் போனால் அது பெரிய பூட். இந்தப் பூட்டுகளுக்குப் பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வதுதான் அளவு. பெரும்பாலும் 22, 23 என்றுதான் தொடங்கும். 7 வயதுப் பையனின் பாதம் அதற்குள் நிற்காது. உங்கள் வீட்டுக்காரரிடம் வேறு எதுவும் சொல்ல வேண்டாம், பையனைச் சுவரோடு நிறுத்திப் பாதத்தை அளந்து காட்டுங்கள், போதும். குழந்தைகளின் ஸ்கீ பூட்டை மாட்டிச் சமாளிக்கும் பெற்றோரும் உண்டு. அதன் அடிப்பாக முனை பெரியவர்கள் பூட்டைவிடக் குறுகலானது. பைண்டிங் கம்பி அதன்மேல் சரியாக உட்காருகிறதா என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் பனியில் இறக்காதீர்கள்.

அடுத்தது எடை. பலகை வளைந்தால்தான் வட்டம் போடும். 75 கிலோ ஆளுக்காகச் செய்த பலகையின் மேல் 25 கிலோ பிள்ளை ஏறினால் அது இரும்புக் கட்டில் மாதிரி அப்படியே கிடக்கும். வளைக்க வேகம் வேண்டும், அந்த வேகம் பிள்ளைக்கு ஆகாது. ஆகவே அப்பாவின் பழைய பலகையைப் பிள்ளைக்குக் கொடுக்கும் யோசனை வேண்டாம். குழந்தைகளுக்கான சாதாரண மெல்லிய பலகையே போதும். சின்னப் பாதத்துக்கு ஒடுக்கப் பலகை தேவையும் இல்லை. பெரியவர்கள் பாதம் நீளம், ஒடுக்கப் பலகையில் பூட் விளிம்பைத் தாண்டிப் பனியில் உரசும், அதற்காகத்தான் பாதத்தை அவ்வளவு திருப்பி வைக்கிறோம். பிள்ளைக்கு அந்தப் பிரச்சினை இன்னும் வரவே இல்லை.

இப்போது பரம்புப் பலகை. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், சூரிச்சில் வளரும் உங்கள் பையனுக்கு நீங்கள் விளக்கலாம். சேற்று வயலைச் சமப்படுத்த நீளப் பலகையை மாட்டில் கட்டி இழுப்பது. பாரத்துக்கு ஒருவர் அதன்மேல் ஏறி நிற்பார். இப்போது நடவு வயலுக்கெல்லாம் டிராக்டர்தான். அப்பா மட்டும் நாற்றங்காலுக்கு இன்னும் மாடு கட்டித்தான் பரம்படிக்கிறார். எனக்கு ஏழு வயதிருக்கும்போது என்னைத் தன் முன்னால் ஏற்றி நிறுத்திக்கொள்வார். "முழங்கால மடக்கு. பலகையப் பாக்காத, மாட்டப் பாரு" என்பார். பல வருஷம் கழித்து ஆஸ்திரியாவின் டிரோல் மலையில் ஒரு அலுவலக நண்பர் எனக்கு ஸ்னோபோர்டு கற்றுக்கொடுத்தபோது முதலில் சொன்னதும் அதேதான்: முழங்காலை மடக்கு, பலகையைப் பார்க்காதே, போகிற இடத்தைப் பார். நான் அன்றைக்குப் பலகை மேல் சீக்கிரமே விழாமல் நின்றுவிட்டேன். அப்பா தந்தது என்று எனக்குத் தெரியும்.

மகளுக்கு 9 வயதானபோது ஊருக்கு வந்திருந்தோம். கால் கன்றிய கதை அப்பாவுக்குத் தெரியும். அவர் அவளிடம் ஸ்னோபோர்டு பற்றி ஒன்றும் பேசவில்லை. "வா பாப்பா, பாரம் பத்தல, ஏறி நில்லு" என்று கூப்பிட்டார். அவள் வெறுங்காலோடு ஏறினாள், முதல் சுற்றிலேயே சேற்றில் விழுந்தாள், எழுந்து சிரித்தாள். நான் கரையிலிருந்து பதறினேன். "விழுந்தா சேறுதானே தாயி, இரு" என்றார் அப்பா. அன்று சாயங்காலம் வரை அவள் இறங்கவில்லை. யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. தாத்தாவுக்குப் பாரம் தேவைப்பட்டது, அவள் உதவினாள், அவ்வளவுதான் அவள் மனதில்.

2022 பிப்ரவரியில் லெடெட்ஸ்கா பெய்ஜிங்கில் மறுபடி தங்கம் வென்றார். மகளுக்கு அப்போது 10 வயது. இந்தத் தடவை அவளாகவே வந்து, "அம்மா, என் காலுக்குச் சரியான பூட் கிடைக்குமா?" என்று கேட்டாள். அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்த பிறகுதான் வாங்கினோம். அதுவரை மென்மையான பூட்டில்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளி வீண் போகவில்லை, விளிம்பில் போவதற்கான வேலை முழுவதும் அதில்தான் நடந்தது.

அது என்ன வேலை என்று சொல்கிறேன், உங்கள் பையனுக்கும் இப்போதே உதவும். இரண்டு பாதத்தையும் சற்று முன்னோக்கித் திருப்பி பைண்டிங்கை வையுங்கள். மிக லேசான, அகலமான சரிவில் குறுக்காகப் போகச் சொல்லுங்கள். ஒரே விளிம்பில், திருப்பாமல், காலால் தள்ளாமல். பலகை தானாகவே மெல்ல மேட்டுப் பக்கம் வளைந்து நின்றுவிடும். நின்றதும் திரும்பிப் பார்க்க வேண்டும். பின்னால் துடைப்பத்தால் பெருக்கிய மாதிரி அகலப் பட்டை இருந்தால் சறுக்கியிருக்கிறான். மெல்லிய கோடாக இருந்தால் விளிம்பு பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தக் கோட்டுக்குச் 'சால்' என்றே பெயர், தாத்தா ஏர் ஓட்டுகிற சால். லிஃப்டில் உட்கார்ந்து மேலே போகும்போது கீழே யார் சால் போட்டிருக்கிறார்கள் என்று பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். விரல் பக்கம் ஒரு நாள், குதிகால் பக்கம் ஒரு நாள் என்று போனாலும் பரவாயில்லை. குதிகால் பக்கம் எல்லாருக்குமே தாமதமாகத்தான் வரும். வட்டத்தின் உள்பக்கம் கையை நீட்டிப் பனியைத் தொட ஆசைப்படுவார்கள். படத்தில் பார்க்க அழகு, ஆனால் இடுப்பு பின்னால் போய் விளிம்பு விட்டுவிடும். அதை ஆரம்பத்திலேயே தடுத்துவிடுங்கள்.

காலையில் முதல் லிஃப்டுக்கே போய்விடுங்கள். இரவில் இயந்திரம் ஓட்டிச் சமன் செய்த பனி அப்போது அப்படியே இருக்கும், கூட்டமும் இருக்காது. இரண்டு மணி நேரம் போதும். பூட்டை இரவு முழுக்கக் காரில் விட்டுவைக்காதீர்கள், குளிரில் பிளாஸ்டிக் இறுகி, காலை உள்ளே விடுவதற்கே பிள்ளை அழுதுவிடும்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்காத விஷயங்கள் உண்டு. ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, இடுப்புக்கு மெத்தை வைத்த கால்சட்டை. ஸ்னோபோர்டு பழகுகிறவர்களுக்கு மணிக்கட்டில்தான் அதிகம் அடிபடும், அதனால் விழும்போது விரல்களை விரித்து ஊன்றாமல் முஷ்டி மடக்கி முன்கையோடு விழப் பழக்குங்கள். வீட்டு மெத்தை மேலேயே இதைப் பழகலாம். ஸ்கீ பைண்டிங் விழுந்தால் கழன்றுவிடும், ஹார்ட் பூட் பைண்டிங் கழலாது. இது முக்கியமான வித்தியாசம், உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும், பையனுக்கும் தெரிய வேண்டும். அப்புறம், மேலேயிருந்து வருபவர்தான் கீழே போகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது பனிச்சரிவின் பொது விதி. ஆனாலும் கார்விங் செய்பவர் சரிவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை போவார். மேலேயிருந்து வருபவர் அதை எதிர்பார்க்க மாட்டார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் தோள் மேலாக ஒரு பார்வை. மகள் மறந்தால் அன்றைக்கு அதோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். இரண்டு தடவை அப்படித் திரும்பியிருக்கிறோம்.

மாமனார் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். என் அம்மாவும் பயந்தார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்த விளையாட்டு, கைகால் உடைஞ்சா?" என்று போனில் அழுதார். நான் ஹெல்மெட்டைக் காட்டினேன், விதிகளைச் சொன்னேன், ஒன்றும் எடுபடவில்லை. அப்பாதான் ஒரு நாள் சொன்னார்: "நம்ம புள்ளைய சுரக்குடுக்க கட்டித்தான ஆத்துல விட்டோம்? எடுத்த உடனே நடு ஆத்துலயா தள்ளுனோம்? அதுவும் அப்படித்தான் சொல்லிக்குடுக்குது." அம்மா அதற்கப்புறம் அழவில்லை. உங்கள் மாமனார் காவிரியில் நீந்திப் பழகியவராகத்தான் இருப்பார். யார் கற்றுக்கொடுத்தார்கள், எத்தனை நாள் படித்துறையை விட்டு நகர விடவில்லை என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லி முடித்ததும் பையன் முதல் வருஷம் எந்தச் சரிவில், என்ன பூட்டோடு ஓட்டப் போகிறான் என்று நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஆசை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த விளையாட்டு பிறந்ததே அப்படித்தான். 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்ற அப்பா, மகள்கள் பனியில் நின்றுகொண்டே சறுக்க விரும்பியதைப் பார்த்து, இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். இன்றைய ஸ்னோபோர்டுக்கு அது முன்னோடி. எனக்குப் பிடித்த விஷயம், மகள்கள் செய்ய ஆசைப்பட்டதைப் பார்த்த பிறகுதான் அவர் பலகையைக் கட்டினார்.

என் மகனுக்கு இப்போது 10 வயது. அவனுக்கு ஹார்ட் பூட் வேண்டாம், மேட்டில் ஏறித் தாவுவதுதான் பிடிக்கும். அவன் மென்மையான பூட்டிலேயே இருக்கிறான். ஒரே லிஃப்டில் ஏறுகிறோம், ஆளுக்கொரு பாதையில் இறங்குகிறோம்.

மகளின் முதல் சரியான பூட், 22.5 அளவு, மியூனிக் வீட்டுப் பரணில் சும்மா கிடக்கிறது. உள்மெத்தை கொஞ்சம் தேய்ந்திருக்கும், ஓடு நன்றாக இருக்கிறது. தம்பிக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது. உங்கள் பையன் பாதம் அந்த அளவுக்கு வந்து, அவனே கேட்கிற வருஷம் இந்தப் பதிலுக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன்.