மகளின் வாழைநார் ப்ராஜெக்ட்: ஓர் அப்பாவுக்கு

வணக்கம் ஐயா. "நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு வாழைநாரை காஸ்டிக் சோடாவுல ஊறவெச்சிட்டு இருக்கா, இதுக்கு யார் சார் வேலை கொடுப்பா?" என்று போனில் கேட்டீர்கள். கட்டட கான்ட்ராக்ட் எடுப்பவர் நீங்கள். உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். வழவழவென்று இருக்கும் கான்கிரீட் தூணில் கொத்து விடாமல் பூச விடுவீர்களா? விட்டால் பூச்சு பொருமிக்கொண்டு பாளம் பாளமாக விழும். தூணும் நல்ல தூண், சிமெண்டும் நல்ல சிமெண்ட், பிடிப்புதான் இல்லை. அந்தப் பிடிப்பைத்தான் உங்கள் மகள் படிக்கிறாள்.

நாரையும் ரெசின் என்ற பிசினையும் சேர்த்துச் செய்யும் பொருள்தான் கம்போசிட். அதில் பாரம் தாங்குவது நார். பாரத்தை நாருக்குக் கடத்துவது ரெசின். ஒட்டு சரியில்லையென்றால் பாரம் நாருக்குப் போய்ச் சேராது, இடுக்கில் ஈரமும் இறங்கும். வாழைநாரின் மேல் மெழுகும் பெக்டின் என்ற பசையும் படிந்திருக்கும். காஸ்டிக் சோடா அதைக் கரைத்துச் சொரசொரப்பாக்குகிறது. பெரும்பாலும் 5 சதவீதக் கரைசலை எடுப்பார்கள். காரம் கூடினால் நாரே நைந்துவிடும். இதே பிடிப்புக்காகக் கண்ணாடி இழைக்கு சைலேன் என்ற வேதிப்பொருளைப் பூசுவார்கள்: அதன் ஒரு முனை கண்ணாடியைப் பிடிக்கும், மறுமுனை எபாக்ஸி ரெசினோடு சேரும். காற்றாலை இறக்கைக்குள் இருப்பது பெரும்பாலும் இந்த இழைதான். தேஜஸ் போர் விமானத்தின் இறக்கையில் உள்ள கார்பன் இழைக்கும் மேற்பரப்பைப் பக்குவப்படுத்தித்தான் ரெசின் சேர்க்க வேண்டும்.

போன வாரம் வந்தபோது மகள் உடைத்த சோதனைத் துண்டுகளைக் கொண்டுவந்திருந்தாள். லென்ஸ் வைத்துப் பார்த்தோம். சோடாவில் போடாத துண்டில் நார்கள் மொட்டையாக, துடைப்பம் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் உருவிய ஓட்டைகள். ஊறவைத்த துண்டில் நார் ரெசினோடு சேர்ந்தே அறுந்திருந்தது. "இதுல உருவிக்கிட்டு வந்திருக்கு சார், அதுல அறுந்திருக்கு" என்றாள். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். இந்தத் தலைப்பைப் பல கல்லூரிகளில் செய்கிறார்கள். தலைப்பைப் பார்த்து யாரும் வேலை தரமாட்டார்கள். "ஏன் 5 சதவீதம்?" என்று கேட்டேன், பதில் இல்லை. 2, 5, 8 என்று மூன்று கரைசல், ஊறவைக்காதது ஒன்று, ஒவ்வொன்றிலும் ஐந்து துண்டாவது உடைத்துப் பார்க்கட்டும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போடாமல் சோடாவைத் தொட வேண்டாம் என்று நீங்களும் சொல்லுங்கள்.

மேற்படிப்புக்கு கேட் நுழைவுத் தேர்வு எழுதட்டும். அதில் எக்ஸ்.இ. என்ற பொறியியல் அறிவியல் தாளில் மெட்டீரியல் சயன்ஸ், பாலிமர் இரண்டையும் எடுக்கலாம். கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேருபவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. செலவு பற்றிய உங்கள் கவலை பாதி குறையும். கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் சிப்பெட் நிறுவனத்தையும், அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரியின் ரப்பர், பிளாஸ்டிக் துறையையும் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.

புதுத் துண்டுகள் உடைந்ததும் மகளோடு நீங்களும் வாருங்கள் ஐயா. லென்ஸில் நீங்களே பார்க்க வேண்டும்.