குரோமியமும் நிக்கலும்: கேள்வி பதில்

முலாம் பூசுபவர்கள், வெல்டர்கள், மாணவர்கள் எனப் பலரிடமிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன்.

கேள்வி: இரண்டுமே தனிம அட்டவணையில் ஒரே வரிசை. குரோமியம் 24, நிக்கல் 28. நான்கு கட்டம்தான் தள்ளி இருக்கிறது. குணத்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: தனித்த எலக்ட்ரான்களை எண்ணிப் பாருங்கள். குரோமியத்தின் வெளிப்புற எலக்ட்ரான் அறைகளான 3டி-யில் 5, 4எஸ்-இல் 1. ஆறுமே ஜோடி சேராதவை, ஆறுமே பிணைப்பில் பங்கெடுக்கக்கூடியவை. நிக்கலுக்கு 3டி-யில் 8, 4எஸ்-இல் 2. அதில் ஜோடி சேராதவை இரண்டுதான். பிணைப்பின் வலிமை உருகுநிலையில் தெரியும்: குரோமியம் 1907 டிகிரி செல்சியஸ், நிக்கல் 1455. மோஸ் அளவில் குரோமியத்தின் கடினம் 8.5. நிக்கல் 4-தான். ஆனால் அடர்த்தியில் நிக்கல் முந்துகிறது (கன செ.மீ.க்கு 8.9 கிராம், குரோமியம் 7.19), ஏனென்றால் அதன் அணுக்கள் கனம் கூடியவை, அதோடு முகமையக் கனசதுரமாக (கனசதுரத்தின் மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் அணு) நெருக்கி அடுக்கப்பட்டவை.

தொழிலுக்கு முக்கியமானது இந்த அடுக்குதான். முகமைய அடுக்கில் அணுத்தளங்கள் எளிதில் வழுக்கும். அதனால் நிக்கலை அடிக்கலாம், நீட்டலாம், கம்பியாக இழுக்கலாம். குரோமியம் பொருள்மையக் கனசதுரம் (மூலைகளிலும் கனசதுரத்தின் நட்டநடுவிலும் அணு). சாதாரணத் தூய்மையில் அறை வெப்பத்தில் நொறுங்கிவிடும். தனிக் குரோமியத்தில் செய்த பாத்திரமோ போல்ட்டோ கிடைக்காததற்கு இதுவே காரணம். அது எப்போதும் பூச்சாகவோ கலவையாகவோதான் வரும்.

கேள்வி: மின்முனை அழுத்தப் பட்டியலில் குரோமியம் −0.74 வோல்ட், இரும்பு −0.44. அப்படியானால் குரோமியம் இரும்பைவிட வேகமாக அரிக்கப்பட வேண்டும். அது எப்படி இரும்பைக் காக்கிறது?

பதில்: பட்டியல் சொல்வது ஓர் உலோகத்துக்கு வினைபுரிய எவ்வளவு விருப்பம் என்பதை மட்டும். எவ்வளவு வேகத்தில் வினைபுரியும் என்று அது சொல்லாது. காற்றுப் பட்ட நொடியிலேயே குரோமியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிவிடுகிறது. அதன் தடிமன் 1 முதல் 3 நானோமீட்டர். துருவைப் போலப் பொருபொருவென்று உதிராமல், அடிஉலோகத்தோடு ஒட்டிக்கொண்டு ஆக்சிஜனைத் தடுத்துவிடும். கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் இருக்கும்வரை தானே மூடிக்கொள்ளும். இரும்பில் 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால் படலம் இடைவெளி இல்லாமல் அமைகிறது. எவர்சில்வர் என்று சொல்வதற்கான கீழ்வரம்பு அந்த எண்தான்.

படலம் போனால் பட்டியல் சொன்னபடியே நடக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குரோமியம் குமிழி விட்டுக் கரையும்: முதலில் நீலம், காற்றுப் பட்டதும் பச்சை. அடர் நைட்ரிக் அமிலத்தில் போட்டால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அந்த அமிலம் படலத்தை இன்னும் வலுவாக்குகிறது.

நிக்கல் அவ்வளவு ஆவேசக்காரன் அல்ல (−0.25 வோல்ட்). நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மெதுவாகத்தான் கரையும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் மட்டும் சட்டென்று கரைந்து பச்சைக் கரைசலாகும். காரத்தில்தான் அதன் பெருமை: உருகிய காஸ்டிக் சோடாவுக்கு நிக்கல் புடக்குகையையே எடுப்பார்கள். குரோமியம் அதே உருகலில் காற்றோடு சேர்ந்து மஞ்சள் குரோமேட்டாகக் கரைந்து போகும்.

கேள்வி: குரோம் முலாம் என்று சொல்லிவிட்டு முதலில் நிக்கல்தானே பூசுகிறார்கள்? நிக்கலை விட்டுவிட்டு நேரே குரோம் போட்டால் என்ன?

பதில்: பளபளப்புக்கான குரோம் பூச்சின் தடிமன் 0.25 முதல் 0.5 மைக்ரான்தான். அதில் நுண்ணிய துளைகளும் வெடிப்புகளும் இருக்கும். இரும்பின் மேல் நேரே பூசினால் அந்தத் துளைகள் வழியாக ஈரம் இறங்கி, பழுப்புப் புள்ளிகள் சீக்கிரமே தெரியும். உண்மையான காவல் அடியிலுள்ள 10 முதல் 30 மைக்ரான் நிக்கல். குரோம் அதன் மேல் நிறத்தையும் கீறல் தாங்கும் கடினத்தையும் மட்டும் தருகிறது. நிக்கலை அப்படியே விட்டால் நாளடைவில் மஞ்சளடித்து மங்கும்.

நிக்கல் தொட்டிக்கு வாட்ஸ் கரைசல்: லிட்டருக்கு நிக்கல் சல்பேட் 240–300 கிராம், நிக்கல் குளோரைடு 30–60 கிராம், போரிக் அமிலம் 30–45 கிராம். பிஎச் 3.5–4.5, வெப்பம் 45–60 டிகிரி. சதுர டெசிமீட்டருக்கு 4 ஆம்பியர் விட்டால் 20 மைக்ரான் ஏற ஏறத்தாழ 26 நிமிடம்.

குரோம் தொட்டிக்கு லிட்டருக்குக் குரோமிக் அமிலம் 250 கிராம், கந்தக அமிலம் 2.5 கிராம். இந்த 100-க்கு 1 விகிதம்தான் குரோம் தொட்டியின் உயிர். வெப்பம் 40–50 டிகிரி, மின்னோட்டம் சதுர டெசிமீட்டருக்கு 10–20 ஆம்பியர். நேர்முனை ஈயக் கலவைத் தகடு. நிக்கல் தொட்டியில் போல நேர்முனையே கரைந்து உலோகத்தை ஈடு செய்யாது, குரோமிக் அமிலத்தைத்தான் அவ்வப்போது சேர்க்க வேண்டும்.

மின்சாரக் கணக்கையும் பாருங்கள். ஓர் ஆம்பியர்-மணிக்கு நிக்கல் சுமார் 1.04 கிராம் படியும். குரோமுக்கு ஆறு எலக்ட்ரான் செலவு. போதாததற்கு மின்சாரத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கப் போய்விடுகிறது. திறன் 15 சதவீதம் என்று வைத்தால் படிவது 0.05 கிராமுக்கும் கீழே. தடிமனை நிக்கலில் ஏற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: நிக்கல் பளபளவென்று வருகிறது. அதன் மேல் குரோம் போட்டால் பால் போல வெளுக்கிறது, சில இடத்தில் பிடிக்கவே இல்லை.

பதில்: பெரும்பாலும் நிக்கல் மந்தமாகிவிட்டிருக்கிறது. நிக்கல் தொட்டியிலிருந்து எடுத்த பொருளைக் காயவிட்டால், அல்லது கழுவும் தொட்டியில் நேரம் கடத்தினால், அதன் மேலும் ஒரு ஆக்சைடு தோல் வந்துவிடும். கழுவியதும் 5–10 சதவீதக் கந்தக அமிலத்தில் அரை நிமிடம் முக்கி, மறுபடி கழுவி, ஈரத்தோடு குரோம் தொட்டிக்குக் கொண்டு போங்கள். நடுவில் மின்னோட்டம் விட்டு விட்டு வந்தாலும் இதே வெண்மை வரும். கொக்கியின் தொடுமுனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். இதற்கும் அடங்காவிட்டால் நிக்கல் தொட்டியில் பளபளப்பு மருந்து கூடிவிட்டதா என்று பாருங்கள்.

உள்மூலைகளில் மட்டும் குரோம் ஏறவில்லை என்றால் சல்பேட் கூடிவிட்டது. ஒரு கிராம் சல்பேட்டை இறக்க ஏறத்தாழ 2 கிராம் பேரியம் கார்பனேட். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், பொங்கும். வானவில் கறை தெரிந்தால் கதை தலைகீழ், சல்பேட் போதவில்லை.

கெட்ட குரோமை எடுக்க, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சம அளவு நீர் கலந்து அறை வெப்பத்தில் முக்கினால் போதும். சில நிமிடத்தில் குரோம் கரைந்துவிடும். குமிழி நின்றதும் எடுத்துவிடுங்கள், அடி நிக்கலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. கழிவு நீரை என்ன செய்வது என்பதற்குக் கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: நிக்கல் பூச்சில் ஊசிமுனை போலக் குழிகள். பள்ளமான இடங்களில் கறுப்பு.

பதில்: இரண்டும் வெவ்வேறு நோய். குழிக்குக் காரணம் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஹைட்ரஜன் குமிழி: ஈரப்பு மருந்து (குமிழி ஒட்டாமல் வழுக்கிப் போகச் செய்வது) சேருங்கள், கரைசலைக் கலக்குங்கள், போரிக் அமிலம் குறைந்திருக்கிறதா என்று சோதியுங்கள். கறுப்புக்குக் காரணம் செம்பு அல்லது துத்தநாகக் கலப்பு. மடிப்பு மடிப்பான தகட்டை எதிர்முனையாகத் தொங்கவிட்டு, சதுர டெசிமீட்டருக்கு 0.2–0.5 ஆம்பியரில் சில மணி நேரம் ஓட்டுங்கள். கறுப்பாகப் படிவது நின்று சாம்பல் நிறம் வந்தால் தொட்டி தேறிவிட்டது.

கேள்வி: எவர்சில்வரில் காந்தம் ஒட்டினால் போலி என்கிறார்களே?

பதில்: தவறான சோதனை. 430 வகையில் 16–18 சதவீதம் குரோமியம் உண்டு, நிக்கல் சேர்ப்பதில்லை. காந்தம் ஒட்டும், ஆனாலும் அசல் எவர்சில்வர்தான். 304-இல் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருப்பதால் இரும்பின் அடுக்கு முகமையமாக மாறி, காந்தம் ஒட்டாமல் போகிறது. அதையே குளிர்நிலையில் வளைத்தாலோ இழுத்தாலோ அடுக்கு ஓரளவு மாறிவிடும், வளைவில் மட்டும் லேசாக ஒட்டும். 200 வரிசையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது. ஆக, மலிவானதைக் கண்டுபிடிக்கக் காந்தம் உதவாது.

வேடிக்கை என்னவென்றால், தனி நிக்கல் காந்தத்தில் ஒட்டும் உலோகம். ஏறத்தாழ 355 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் அந்தக் குணம் போகும்.

கேள்வி: 304 தகட்டை வெல்டு செய்தேன். பற்றவைத்த இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி இருபுறமும் கோடு போலத் துரு.

பதில்: 450 முதல் 850 டிகிரிக்குள் நேரம் கழித்த பகுதி அது. அந்த வெப்பத்தில் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு, மணிகளின் (உலோகத்தின் நுண்படிகங்களின்) எல்லையில் கார்பைடாக ஒதுங்கிவிடுகிறது. எல்லையோரம் உலோகத்தில் மிஞ்சும் குரோமியம் 10.5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட, படலம் அங்கே அமைவதில்லை. நிக்கல் எத்தனை இருந்தாலும் இந்த ஓட்டையை அடைக்காது. கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் போகாத 304எல் தகட்டையும் 308எல் நிரப்புக் கம்பியையும் எடுங்கள், வெப்பத்தைக் குறைத்து ஓட்டுங்கள், ஒரு பாஸ் (ஒரு முறை ஓட்டிய வெல்டு) ஆறியபின் அடுத்ததைப் போடுங்கள். செய்து முடித்ததை மீட்க 1050 டிகிரி வரை சூடாக்கி நீரில் சட்டென்று ஆற்ற வேண்டும், பெரிய தொட்டிக்கு அது நடக்கிற காரியமில்லை.

நிறம் மாறிய படலம் மட்டும் இருந்தால் பிக்கிளிங் பசை (படலத்தைக் கரைத்தெடுக்கும் அமிலப் பசை) போதும். அதில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் உண்டு; கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: 230 வோல்ட்டில் 1000 வாட் ஹீட்டருக்கு நிக்ரோம் கம்பி எவ்வளவு வேண்டும்?

பதில்: மின்தடை 230 × 230 ÷ 1000 = 52.9 ஓம். 80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம் உள்ள கம்பி 0.5 மி.மீ. விட்டத்தில் மீட்டருக்குச் சுமார் 5.55 ஓம், ஆகவே 9.5 மீட்டர். கணக்கை இங்கேயே நிறுத்துவதால்தான் பலருக்குக் கம்பி அறுகிறது. மேற்பரப்புச் சுமையையும் பாருங்கள்: அந்த நீளத்தின் மேற்பரப்பு 150 சதுர செ.மீ., சதுர செ.மீ.க்கு 6.7 வாட். காற்று வீசும் இடத்தில் தாங்கலாம், மூடிய அடுப்பில் கூடாது. 0.7 மி.மீ. கம்பி 18.7 மீட்டர் எடுத்தால் சுமை 2.4 வாட்டாக இறங்கும், ஆயுள் கூடும்.

இந்தக் கம்பியில் நிக்கல் இழுபடும் உடம்பைத் தருகிறது, குரோமியம் சூட்டைத் தாங்கும் ஆக்சைடு தோலைத் தருகிறது. கந்தகம் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு பட்டுவிட்டால் நிக்கல் சல்பைடு உருவாகி 640 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்கும். புதுக் கம்பியைத் துடைத்து மாட்டுங்கள்.

கேள்வி: கம்மல் போட்டால் காது புண்ணாகிறது. எந்த உலோகம் காரணம்?

பதில்: சந்தேகம் முதலில் நிக்கல் மேல். வியர்வையில் கரைந்த நிக்கல் அயனிதான் ஒவ்வாமையைத் தூண்டுகிறது. டைமெத்தில்கிளையாக்சைமும் அம்மோனியாவும் நனைத்த பஞ்சால் தேய்த்தால், நிக்கல் வெளியேறும் நகையில் பஞ்சு இளஞ்சிவப்பாகும்.

கேள்வி: குரோமும் நிக்கலும் கலந்த கழிவு நீரில் சுண்ணாம்பு போட்டுப் படிய வைக்கிறேன். இரண்டும் ஒன்றாக இறங்க மாட்டேன் என்கிறது.

பதில்: இரண்டு தவறு நடக்கிறது. ஆறு நிலைக் குரோமியம் (ஆக்சிஜனேற்ற நிலை +6; குரோமிக் அமிலத்தில் இருப்பது) சுண்ணாம்புக்குப் படியவே படியாது, அதை முதலில் மூன்று நிலைக்கு இறக்க வேண்டும். புற்றுநோய் தரக்கூடியது ஆறு நிலைதான், அதனால் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. பிஎச் 2–3-க்கு இறக்கி, ஒரு கிராம் குரோமியத்துக்கு 2.74 கிராம் என்ற கணக்கில் சோடியம் மெட்டாபைசல்பைட் சேருங்கள். நடைமுறையில் 3 கிராம் வேண்டியிருக்கும். கந்தக வாயு வரும், காற்றோட்டம் வேண்டும். ஆரஞ்சு முழுவதும் பச்சையாகட்டும்.

அடுத்தது பிஎச். குரோமியம் ஹைட்ராக்சைடு நன்றாகப் படிவது 8–8.5-இல். நிக்கலுக்கு 10-க்கு மேல் வேண்டும், ஆனால் அங்கே குரோமியம் மறுபடி கரையத் தொடங்கும். 8.5-இல் குரோமியத்தைப் படியவைத்து வடிகட்டிவிட்டு, தெளிந்த நீரை 10.5-க்கு ஏற்றி நிக்கலை எடுங்கள். அப்போதும் நீர் நீலம் பாய்ந்திருந்தால் எங்கிருந்தோ அம்மோனியா கலந்திருக்கிறது, அது நிக்கலைப் பிடித்து வைத்துக்கொண்டு படிய விடாது. அந்தக் கழுவு நீரைத் தனித் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.